நார்மல் ஆயிலுக்குத் திரும்பிய நாள்

இன்று காலை தண்டையார்பேட்டை ஒர்க்‌ஷாப்பில் அழுதுவிட்டேன். தொந்தி, மீசைக்கு மை, ஐம்பது வயது, எல்லாம் இருந்தும் அழுதேன். மெக்கானிக் ஆயில் டப்பாவைத் திறந்து, "நார்மலா, சிந்தடிக்கா?" என்றான். அந்த வாசனையோடு நீயும் வந்துவிட்டாய், அண்ணே.

"இன்னா மாமு, ஆயிலத் தொறந்தா அழுவுற? வெங்காயமா உரிக்கிறேன்?" என்றான் மெக்கானிக்.

என் பழைய லோடு ஆட்டோ ஞாபகமிருக்கிறதா? காசிமேட்டிலிருந்து எண்ணூருக்கு ஐஸ் ஏற்றிப்போன கிழடு. எவனோ சொன்னான் என்று அதற்கு, புது வண்டிகளுக்கு ஊற்றும் விலை கூடின சிந்தடிக் ஆயிலை ஊற்றினேன். கிழவிக்குக் கூலிங் கிளாஸ் மாட்டிய கதைதான். நின்ற இடமெல்லாம் ஆயில் சொட்டிக் கறுப்புக் கோலம். பழைய ஆயிலுக்கே போகலாமென்றால் ஆட்டோ ஸ்டாண்டே கூடிப் பயமுறுத்தியது: சிந்தடிக் குடித்த என்ஜின் மறுபடி நார்மல் குடித்தால் ஜாம் ஆகிவிடுமாம். எனக்கு இருந்ததோ அந்த ஒரு வண்டி. அது நின்றால் வீட்டில் அடுப்பும் நிற்கும். வண்டியைத் தொடாமலே சில நாள் உட்கார்ந்திருந்தேன்.

ஹார்பர் வேலை முடிந்து வந்த நீ கேட்டுவிட்டுச் சிரித்தாய். "என்ஜினு இன்னா உன் மாமியாரா, கோச்சிக்கினு குந்திக்க? ரெண்டும் ஆயிலுதான். மாத்து நைனா."

"ஜாம் ஆச்சின்னா?"

"நானும் வரேன். ரெண்டு பேருமா தள்ளுவோம்."

மாற்றினேன். பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாய். ஸ்டாண்டிலிருந்து ஒரு புண்ணியவான், கட்டி இழுக்க உதவும் என்று கயிறு வேறு எடுத்துப் போட்டான். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே நீ தலையைச் சாய்த்து என்ஜினைக் கேட்டுக்கொண்டே வந்தாய். நான் ரோட்டைவிட உன் முகத்தைத்தான் அதிகம் பார்த்தேன். விம்கோ நகர் தாண்டியதும், "ஷோக்கா பாடுது" என்றாய். எண்ணூரில் ஐஸை இறக்கும்போது நானும் பாடிக்கொண்டிருந்தேன். சில நாளில் ஆயில் சொட்டுவதும் நின்றது. அந்தக் கயிற்றில் என் மனைவி ரொம்ப நாள் துணி காயப்போட்டாள்.

நன்றி என்று சொன்னால் "பேஜாரு பண்ணாத" என்பாய். அதனால் நீ இருந்தவரை சொல்லவில்லை. இப்போது உன்னால் தடுக்க முடியாது: நன்றி.

ஸ்டாண்டில் எவனாவது ஆயில் மாற்றிவிட்டு முழித்தால், இப்போதெல்லாம் நான்தான் பக்கத்தில் ஏறிக்கொள்கிறேன். தலையையும் உன் மாதிரியே சாய்க்கிறேன். இன்றுகூட மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சிந்தடிக்கே ஊத்து. சரிப்படலன்னா திரும்பிக்கலாம்" என்றேன்.

போன வாரம் உன் வீட்டில் அண்ணியிடம் இந்தப் பெருமையெல்லாம் சொன்னேன். "அய்ய, அவுரா?" என்றார். "சைக்கிள் செயினுக்குத் தேங்கா எண்ண உட்ட மனுசன்!"

வாசலில் உன் சைக்கிள் நின்றது. அப்போதுதான் எனக்கு உறைத்தது: உன் ஆயுசில் நீ ஓட்டிய ஒரே வண்டி அதுதான்.