போய்த் திரும்ப முந்நூற்று எண்பது

மார்ச் 3, செவ்வாய்
பேத்தி பிறந்து இன்றோடு இருபது நாள். இன்னும் பார்க்கவில்லை. பார்ப்பேன். என் சொந்த வண்டியில், என் சொந்த கரண்டில் போய்ப் பார்ப்பேன்.

பழைய வண்டியைத் தள்ளிவிட்டாயிற்று. இனி மின்சாரக் கார்தான். ஷோரூமில் நான் கேட்ட கேள்விகளில் மேனேஜரே எழுந்து நின்றுவிட்டார். (நாற்காலி உடைந்திருந்தது என்கிறாள் வீட்டுக்காரி. அவளுக்கு எதுவும் பெரிதாகத் தெரியாது.)

பேட்டரி இரண்டு வகை. சின்னது 315 கிலோமீட்டர். பெரியது 450. மகள் வீடு 190. போய்த் திரும்ப 380. எனக்குப் பெரியதுதான். மிச்சமிருக்கும் எழுபதில் அந்த வாத்தியார் மருமகன் தெருவையே பத்துச் சுற்று சுற்றிவிட்டு வருவேன்.

மார்ச் 5, வியாழன்
வீட்டுக்காரி காலையிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

"தினமும் மார்க்கெட்டுக்கும் வீட்டுக்கும் ஆறு கிலோமீட்டர். அதுக்கு எதுக்கு அவ்வளவு பெரிய பேட்டரி? சின்னதை எடுத்துட்டு, அங்க போனா மாப்பிள்ளை வீட்டுல ஒரு ராத்திரி சார்ஜ் போட்டுக்கலாமே?"

அதைத்தான் செய்ய மாட்டேன்! ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் அவன் வீட்டுக் கூடத்தில், அவன் சொந்தக்காரர்கள் நடுவில், நான் பேக்கரி வேன் ஓட்டிய காலத்தில் வெள்ளத்திலிருந்து பதினொரு கார்களைக் கட்டி இழுத்ததைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தக் கணக்கு வாத்தியார், என் மருமகன், குறுக்கே புகுந்தான்.

"போன தடவை ஏழுன்னீங்களே மாமா?"

கூடமே சிரித்தது. என் மகளும் சிரித்தாள். இனி இந்த வீட்டில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். தண்ணீர் என்றால் கரண்டும் சேர்த்துத்தான். நான் சொன்ன வார்த்தை, எனக்குத் தெரியாதா?

ஏழோ பதினொன்றோ, வெள்ளத்தில் நின்று எண்ணிப் பார்த்தவன் எவன்?

மார்ச் 8, ஞாயிறு
மகள் போன் செய்தாள். "பாப்பா உன்னை மாதிரியேப்பா. வாயை மூடவே மாட்டேங்குறா." பின்னால் அழுகை கேட்டது. என்ன குரல்! நாலு தெருவுக்குக் கேட்கும். நான் போனை வீட்டுக்காரியிடம் கொடுத்துவிட்டு, காரின் விலைப்பட்டியலை மறுபடி எடுத்து விரித்தேன்.

மார்ச் 9, திங்கள்
பெரிய பேட்டரி வண்டியை ஓட்டிப் பார்த்தேன். விற்பனைப் பையனைப் பக்கத்தில் உட்காரவைத்து ஏசி போட்டு நெடுஞ்சாலையில் விட்டேன். மீட்டரில் கிலோமீட்டர் கரைகிற வேகத்தைப் பார்த்து எனக்கே வேர்த்தது.

"என்னப்பா இது, ஓடினது முப்பது, குறைஞ்சது நாப்பதா?"

"சார், அந்த 450 சோதனைக்கூடத்துல எடுத்த கணக்கு. ஏசி போட்டு இந்த வேகத்துல போனா 340 வரும்."

"சின்னது?"

"240 வரும் சார். வழியில சார்ஜர் இருக்கு. நாப்பது நிமிஷம் நின்னா போதும்."

அதாவது பெரியதை வாங்கினாலும் நாற்பது கிலோமீட்டர் உதைக்கிறது. அதுவும் வண்டி கைக்கு வர பத்து வாரமாம். சின்னது ஸ்டாக்கில் நிற்கிறது.

பத்து வாரம். அதற்குள் பாப்பா கவிழ்ந்து படுத்துவிடும்.

மார்ச் 14, சனி
சின்னதே எடுத்தேன். யார் பேச்சையும் கேட்டு எடுக்கவில்லை. அச்சடித்த எண்ணை நம்பி ஏமாற நான் என்ன கேனையனா? வீட்டுக்காரி சிரித்தாள். சிரிக்கட்டும்.

மார்ச் 22, ஞாயிறு
போனோம். வழியில் அந்த சார்ஜர் காலியாகத்தான் இருந்தது.

"நிறுத்துங்க, போட்டுக்கலாம்," என்றாள் வீட்டுக்காரி.

"நல்லா ஓடுற வண்டியை நடுவுல நிறுத்தக் கூடாது. இன்ஜினுக்குக் கெடுதல்."

"இதுல இன்ஜினே இல்லையே?"

நான் வேகத்தை இன்னும் கொஞ்சம் கூட்டினேன். பதினெட்டு சதவீதத்தோடு மகள் வீட்டு வாசலில் போய் நின்றேன். வாத்தியார் வெளியே வந்தான். மீட்டரை எட்டிப் பார்த்தான். உள்ளே போய் ஜன்னல் வழியாக பிளக் பாயின்டைக் காட்டினான். நான் வயரை நீட்டினேன்.

பதினொரு மணி நேரம் ஆகுமாம். தங்கத்தான் வேண்டும். நான் என்ன செய்ய, சின்ன பேட்டரி.

பாப்பாவுக்கு என் மூக்கு. சந்தேகமே இல்லை.

மார்ச் 23, திங்கள்
காலையில் நூறு சதவீதம் காட்டியது. நான் பாப்பாவை மடியில் போட்டு வெள்ளத்துக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பதினாலு கார். மருமகன் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பி வந்து நின்றார்.

"மாமா, சார்ஜ் ஏறிடுச்சு. வயரைக் கழட்டிடட்டுமா?"

"இருக்கட்டும் மாப்பிள்ளை. புது பேட்டரி. ரெண்டு மூணு நாள் ஊறணும்."

அவர் வண்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ஆமா மாமா. நல்லா ஊறட்டும்."