வீட்டில் ஒருத்தருக்கு

என் கணவருக்கு,

அன்புள்ள என்று தொடங்குவதுதான் முறை. இத்தனை வருஷமும் அப்படித்தான் தொடங்கியிருக்கிறேன். இன்று அந்த வார்த்தை பேனாவை விட்டு இறங்க மாட்டேன் என்கிறது, அதனால் விட்டுவிட்டேன். நீங்கள் சுகமாகத்தான் இருப்பீர்கள். முன்னைவிடக் கொஞ்சம் சதை போட்டிருக்கிறீர்கள் என்று அங்கே உங்கள் கம்பெனியில் வேலை செய்யும் வெல்டர் தம்பி சொன்னார்.

போனில் நான் ஒன்று சொல்வதற்குள் நீங்கள் ஒன்பது சொல்லிவிடுகிறீர்கள். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. வெல்டர் தம்பிக்கு லீவு முடிந்து நாளைக்குக் கிளம்புகிறார். ஞாயிற்றுக்கிழமை இது உங்கள் கையில் இருக்கும். உட்கார்ந்து முழுசாகப் படியுங்கள்.

கடை நன்றாக ஓடுகிறது. பள்ளிக்கூடச் சீருடைகள் எல்லாம் தைத்துக் கொடுத்தாகிவிட்டது. பழைய மெஷினுக்குப் பெல்ட் மாற்றினேன். குளியலறைக் குழாய் இன்னும் சொட்டிக்கொண்டுதான் இருக்கிறது, உங்கள் அண்ணா அதற்கும் ஒரு ஃபைல் போட்டிருப்பார்.

இனி என் வயிற்றுக்கு வருகிறேன். உங்களுக்குத் தெரிந்த கதைதான். ஆனால் இதுவரை உங்கள் அண்ணா வாயால்தானே கேட்டீர்கள், ஒரு தடவை என் வாயால் கேளுங்கள். பித்தப்பையில் கல் இருக்கிறதா என்று பார்க்கப் போன இடத்தில், வயிற்றுக்குள் ஓடும் பெரிய ரத்தக்குழாய் ஓரிடத்தில் உப்பியிருப்பது தெரிந்தது. அப்போது நாலு புள்ளி ஆறு சென்டிமீட்டர். ஆறு மாதம் கழித்துப் போன மாதம் பார்த்தபோது ஐந்து புள்ளி ஒன்று. ஆபரேஷன் செய்ய நேரம் வந்துவிட்டது என்று இங்கே சர்ஜன் அம்மா அன்றே சொன்னார். நீங்கள்தான் எங்கள் கம்பெனி டாக்டரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றீர்கள். அவர் ஐந்தரை வரைக்கும் பொறுக்கலாம் என்று எழுதிக் கொடுத்தார். உங்களுக்கு லீவு வர இன்னும் ஐந்து மாதம். ஐந்தரையும் ஐந்து மாதமும் உங்களுக்கு எவ்வளவு தோதாகப் போயிற்று.

அன்றிலிருந்து இந்த வீட்டில் நான் மனுஷி இல்லை, ஒரு நம்பர். உங்கள் அண்ணா வீட்டுப் பில்லோடு என் ஸ்கேனையும் வைத்திருக்கும் ஃபைலின் அட்டையில் ஸ்கேல் வைத்து ஐந்தரை சென்டிமீட்டருக்கு ஒரு சிவப்புக் கோடு போட்டிருக்கிறார். வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அதைக் காட்டுகிறார். சாப்பிட உட்கார்ந்தால், 'இன்னும் நாலு மில்லிமீட்டர் பாக்கி இருக்கு' என்று சோற்றைப் பிசைந்துகொண்டே சொல்கிறார். உங்கள் அண்ணி துடிக்கிறதா பார்க்கிறேன் என்று என் தொப்புளுக்கு மேலே கை வைத்துப் பார்த்துவிட்டு, அந்தக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டாள். தட்டைத் தள்ளி வைத்தேன். எழுந்து போய்க் கை கழுவினேன். சாப்பிட்டதாக நினைத்துக்கொண்டார்கள்.

போன செவ்வாய்க்கிழமை கரண்டு பில்லைத் தேடி அந்த ஃபைலைத் திறந்தேன். கம்பெனி டாக்டரின் சீட்டு அதில் இருந்தது. அதுவரை நான் அதைக் கண்ணால் பார்த்ததில்லை. நீங்கள் போட்டோ எடுத்து அனுப்பினீர்கள், உங்கள் அண்ணா அச்சடித்து வைத்துக்கொண்டார், வயிறு வைத்திருக்கிறவளுக்கு யாரும் காட்டவில்லை. அதில் இப்படி எழுதியிருந்தது: 'பெரியவருக்கு இப்போது அவசரம் இல்லை. ஆண்களுக்கு ஐந்தரை வரை காத்திருக்கலாம். அவர் சிகரெட்டை உடனே விட வேண்டும்.'

மூன்று தடவை படித்தேன். எந்தப் பெரியவர்? எந்தச் சிகரெட்?

அதைவிடக் கேவலம் ஒன்று இருக்கிறது. அந்தச் சிகரெட் வரிக்குப் பக்கத்தில் உங்கள் அண்ணா பென்சிலால் 'பொருந்தாது' என்று எழுதி வைத்திருக்கிறார். பார்த்திருக்கிறார். புரிந்துமிருக்கிறது. ஒரு வரி பொருந்தாது என்று தெரிந்தவருக்கு, அடுத்த வரியும் வேறு யாருக்கோ எழுதியது என்று தோன்றவில்லை. கேட்டேன். டாக்டர் ஏதோ ஞாபகத்தில் எழுதிவிட்டாராம், அதற்காக நம்பர் பொய்யாகிவிடுமா என்றார். நான் தையல்காரி. ஆண் சட்டையின் தோள் அளவை வைத்துப் பெண்ணுக்கு வெட்டினால் என்ன ஆகும் என்று என் கடையில் நேற்றுச் சேர்ந்த பெண்ணுக்குக்கூடத் தெரியும். முப்பது வருஷம் ஆபீஸில் உட்கார்ந்து எழுந்தவருக்குத் தெரியவில்லை.

இது எப்படி நடந்தது என்று நேற்றுவரை புரியாமல் மண்டையை உடைத்துக்கொண்டேன். வெல்டர் தம்பி விடைபெற வந்தபோது கம்பெனி டாக்டரிடம் அன்று என்ன நடந்தது என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். பாவம், அவருக்கு விஷயம் தெரியாது, உள்ளதைச் சொல்லிவிட்டார். "நான் அண்ணன் பக்கத்துலதான் நின்னேன் அக்கா. நல்ல கூட்டம். நம்ம வீட்டுல ஒருத்தருக்கு இப்படி இருக்குன்னுதான் கேட்டாரு."

வீட்டில் ஒருத்தர். அடடா, மரியாதை வேறு.

வரிசையில் நாலு பேர் நிற்கும்போது பொண்டாட்டி வயிற்றைப் பற்றிப் பேச உங்களுக்குக் கூச்சம். வீட்டில என்று மட்டும் சொல்லியிருந்தால்கூட அந்த டாக்டர் புரிந்துகொண்டிருப்பார், நம் பாஷைக்காரர்தானே. நீங்கள் ஒருத்தருக்கு என்றீர்கள். அவர் உங்கள் வீட்டில் புகைபிடிக்கும் ஒரு கிழவரை நினைத்துக்கொண்டார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. உங்களுக்குக் கூச்சம் அதிகம், உங்கள் அண்ணாவுக்குக் கூச்சம் என்பதே கிடையாது, நடுவில் மாட்டிக்கொண்டது என் வயிறு. எழுதும்போதே அருவருப்பாக இருக்கிறது. உங்கள் மேலும்தான். ஒரு மாதமாக வாயை மூடிக்கொண்டு அந்தச் சிவப்புக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேனே, அந்த என் மேலும்தான்.

சீட்டைப் பார்த்த மறுநாளே, புதன்கிழமை, அதை எடுத்துக்கொண்டு சர்ஜன் அம்மாவிடம் தனியாகப் போனேன். அவர் படித்துவிட்டுச் சிரிக்கவில்லை. பெண்களுக்கு ரத்தக்குழாயே சின்னது, அதனால் அதே அளவு வீக்கம் நமக்குச் சீக்கிரம் வெடிக்கும், ஐந்து ஆனதுமே ஆபரேஷன் பற்றிப் பேச வேண்டும் என்றார். ஆறு மாதத்தில் அரை சென்டிமீட்டர் வளர்ந்ததும் அவருக்குப் பிடிக்கவில்லை. என் அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரத்தில் போனதைச் சொன்னேன். அதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கடிந்துகொண்டார். முதல் தடவை என்னை எங்கே பேச விட்டார்கள்? உங்கள் அண்ணாதானே பேசினார்.

மறைக்காமல் மற்றதையும் சொல்கிறேன். சீக்கிரம் செய்வது நல்லது என்று எல்லோரையும் அறுத்துவிட முடியாதாம், ஆபரேஷனிலும் ஆபத்து இருக்கிறதாம். தொடை வழியாகக் குழாய்க்குள் உறை போடும் சின்ன வைத்தியம் ஒன்று இருக்கிறது. என் குழாய் வளைந்திருப்பதால் அந்த உறை நிற்காதாம். வயிற்றைத் திறந்துதான் தைக்க வேண்டும். என்னைப் போல நூறு பேரில் நாலைந்து பேர் எழுந்திருப்பதில்லை என்றார். வெடித்துவிட்டால் பிழைப்பதே அபூர்வம் என்றும் சொன்னார். எனக்குப் பயமாக இருக்கிறது. பயம் இல்லை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். ஆனாலும் கணக்கு புரிந்தது. நானே கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

வரும் புதன்கிழமை காலை ஏழு மணிக்கு உள்ளே கொண்டுபோவார்கள். கடையில் பட்டனுக்குக் காஜா எடுக்கும் அக்கா கூட இருப்பாள். உங்கள் அண்ணா வரக்கூடாது என்று சொல்லிவிட்டேன். ஃபைலை வாங்கி என் கட்டிங் மேஜை டிராயரில் பூட்டியிருக்கிறேன், சாவி அக்காவிடம் இருக்கிறது. உங்கள் இரண்டு சட்டைகளும் தைத்துத் தயாராக இருக்கின்றன. சதை போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டதும் பக்கத் தையலைப் பிரித்து அரை அங்குலம் விட்டிருக்கிறேன்.

ஓடி வாருங்கள் என்று கேட்கமாட்டேன். லீவு கிடைக்காது என்பீர்கள், உண்மையாகவும் இருக்கலாம். ஒன்றே ஒன்று செய்யுங்கள். இதைப் படித்த மறுநாள் கம்பெனி டாக்டரிடம் போங்கள். கூட்டம் இருந்தால் இன்னும் நல்லது. அந்தப் பெரியவர் பெரியவர் இல்லை, என் பொண்டாட்டி என்று வாய் திறந்து சொல்லுங்கள். புதன்கிழமைக்கு முன்னால் சொல்லிவிடுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் நல்லபடியாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டில் ஒருத்தி