சனவரி முதலாந் திகதி மாணவன்

9.3.87, திங்கள்
ஈரப்பனி. ஏரி தெரியவில்லை. அப்பா வேலை செய்கிற ஹோட்டலிலிருந்து வரிப் படிவம். பதினெட்டு தாண்டிய பிள்ளையையும் தன் செலவில் இருப்பவனாகக் காட்டி வரியைக் குறைக்கலாம், படிக்கிறான் என்று பள்ளி எழுதித் தந்தால். எனக்கு இருபத்திரண்டு.
"கடிதத்தை நாளைக்கே எடுத்துக்கொண்டு வா தம்பி," என்றார் அப்பா. சரி என்றேன்.
பல்கலைக்கழகத்துக்கு ஆயத்தம் செய்கிற வகுப்பை விட்டு ஐந்து கிழமை. அவருக்குத் தெரியாது. காலை 7.04 ரயில், பேர்ன் நகரம். நூலகம், ஹீட்டருக்குப் பக்கத்துக் கதிரை. மாலையில் திரும்புதல். காரணம் கேட்டால் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு நாள் பள்ளிப் படியேற முடியவில்லை. அவ்வளவுதான்.

10.3, செவ்வாய்
கடிதம் எடுக்கவில்லை. அலுவலகம் பூட்டு என்று பொய். வாங்க: சவர பிளேட், வெங்காயம், தபாலுறை.
பின்னேரம் ரா. அண்ணை, அப்பாவோடு ஹோட்டலில் கோப்பை கழுவுகிறவர். படிவத்தைத் தூக்கிப் பார்த்தார்.
"இவனையோ பிள்ளையெண்டு காட்டப்போறியள்? மீசையைப் பார்த்தால் இவன்தான் உங்களைக் காட்டவேணும் போலை கிடக்கு."
"படிக்கிற பிள்ளை," என்றார் அப்பா. சிரிக்கவில்லை. சவர்க்காரத் தண்ணீரில் ஊறி வெளிறிய விரல்கள். நான் தேநீர் போட எழுந்தேன்.

12.3, வியாழன்
பள்ளிக்குப் போனேன். விட்டுவிட்டான் என்றே எழுதித் தரட்டும், அதை அப்பாவிடம் அப்படியே கொடுப்பது என்று முடிவு. வாயால் சொல்வதைவிட இலகு. கோழைத்தனம்தான்.
அலுவலகப் பெண் பதிவேட்டைப் புரட்டினார். வரிக்கு வருடத்தின் முதல் நாள் நிலைமைதான் கணக்காம். சனவரி முதலாந் திகதி என் பெயர் இருந்தது. அன்று மாணவன் என்று தட்டச்சடித்து, முத்திரை குத்தி, நீட்டினார். ஒரு சொல்லும் பொய்யில்லை.
ரயிலில் நாலு தடவை வாசித்தேன். இன்னும் ஒரு வருடம் இப்படியே போகலாம். நினைக்கவே அலுப்பு.

13.3, வெள்ளி
அப்பாவுக்கு ஓய்வு நாள். முழுகி, விபூதியோடு மேசையில். படிவத்தை நான் நிரப்பினேன். அவர் கையெழுத்து வைத்தார், மெதுவாக, தமிழில்.
"இந்தக் கடிதம் சனவரிக்குச் சரி அப்பா. பெப்ரவரியிலை வகுப்பை விட்டிட்டன்."
மழை. மேல்மாடியில் யாரோ தளபாடம் இழுத்தார்கள்.
"அப்ப ஒவ்வொரு நாளும் ரெயினிலை எங்கை போறனீ?"
"லைப்ரறிக்கு."
"சாப்பாடு?"
"கொண்டுபோற பாணை அங்கை இருந்து சாப்பிடுறன்."
படிவத்தைத் தன் பக்கம் திருப்பினார். வாசிக்கத் தெரியாத எழுத்துக்களின்மேல் விரலை வைத்து, மேலிருந்து கீழே, கடைசிக் கட்டம்வரை போனார்.
"வாற வருசம் உன்னை எந்தக் கட்டத்துக்குள்ளை எழுதிறது?"