கவனிக்கப்பட்டது

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் இங்கே நலம்தான், நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று தெரிந்தால் இன்னும் கொஞ்சம் நலமாக இருப்போம். உன் அப்பா பஸ் ஓட்டுவதை விட்டு வீட்டில் உட்கார்ந்ததிலிருந்து வீட்டையே பஸ்ஸாக நினைத்துக்கொண்டிருக்கிறார், சமையலறையில் நான் திரும்பினால்கூடப் பின்னாலிருந்து பார்த்து, பார்த்து என்று குரல் வருகிறது. முட்டிவலிக்கு டாக்டரிடம் போகலாம் என்றால் மட்டும் பிரேக் போட்டுவிடுகிறார். அது கிடக்கட்டும். போன ஞாயிற்றுக்கிழமை நீ ஆசையாக போன் செய்து, லீவு கிடைத்துவிட்டது, டிக்கெட் போட்டாயிற்று, அம்மா மேடையேறி விருது வாங்குவதை முன்வரிசையில் உட்கார்ந்து பார்க்கப்போகிறேன் என்று சொன்னபோது, யாரைக் கேட்டு டிக்கெட் போட்டாய் என்று எரிந்து விழுந்தேன். பெற்ற மகளிடம் கேட்கிற கேள்வியா அது. நீ அழுதாயோ என்னவோ, போனை வைத்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உன்மேல் ஒரு தப்பும் இல்லை, தப்பெல்லாம் என்மேல். போனில் சொல்ல வாய் வராததால் எழுதுகிறேன், முழுதாகப் படி, பாதியில் போனைத் தூக்காதே.

எங்கள் நகராட்சிக்குச் சிறந்த சேவைக்கும் புதுமைக்கும் என்று விருது வந்ததும், அதை வாங்க என்னை மேடையேற்றப் போவதும் உனக்குத் தெரியும், எதற்காக வந்தது என்று நான் சரியாகச் சொல்லவில்லை. புகார்ப் பிரிவில் என் மேஜையில் போன் அடித்துக்கொண்டே இருக்கும், குப்பை எடுக்கவில்லை, விளக்கு எரியவில்லை, தண்ணீர் வரவில்லை என்று ஒரே ஆள் விடாமல் கூப்பிடுவார். அதற்காக, புகாரை நான் கம்ப்யூட்டரில் ஏற்றியதும் அவர்கள் போனுக்கே ஒரு செய்தி போகிற மாதிரி செய்தார்கள். கம்ப்யூட்டர் பார்க்கிற பெண் முதலில் உங்கள் புகார் கிடைத்தது என்றுதான் எழுதியிருந்தாள். நான்தான், என்னடி இது பார்சல் கிடைத்த மாதிரி இருக்கிறது, மரியாதையாக எழுது என்று சொல்லி, உங்கள் புகார் கவனிக்கப்பட்டது, நன்றி என்று மாற்றினேன். வெளியே ஒருவர் கொஞ்சம் கவனிங்க என்றால் காசு கேட்கிறார், ரவுடி கவனிச்சுக்கறேன் என்றால் அடி விழப்போகிறது, எங்கள் அலுவலகத்தில் கவனித்தாயிற்று என்றால் ஒருத்தி அதைத் தட்டச்சு செய்துவிட்டாள் என்று மட்டும்தான் அர்த்தம். ஜனங்களுக்கு அது எப்படித் தெரியும்? வேலை முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள், மறுபடி கூப்பிடவில்லை. போன் அடங்கிவிட்டது. விருதுத் தேர்வுக் குழுவிலிருந்து வந்தவர்கள் என் மேஜைக்குப் பக்கத்தில் நின்று, ஒரு புகார்கூட இரண்டாம் முறை வருவதில்லையே என்று அசந்துபோனார்கள், அந்த வாக்கியத்தைச் சத்தமாகப் படித்து என்ன பண்பான தமிழ் என்று வேறு பாராட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆளும் கூடவில்லை, வண்டியும் கூடவில்லை, புகார் மட்டும் எப்படித் தீர்கிறது என்று ஒருநாள் எனக்குத் தோன்றத்தான் செய்தது. அதற்குள் டீ வந்துவிட்டது, குடித்துவிட்டு அதை மறந்துவிட்டேன். மறந்தேன் என்பதுகூடப் பொய், விட்டுவிட்டேன்.

பின்தெருவில் உன் தையல் அத்தையை நினைவிருக்கிறதா, பள்ளிக்கூடச் சீருடையை வருஷா வருஷம் நீ வளர்வாய் என்று மடித்து உள்ளே துணி விட்டுத் தைத்துத் தருவாளே, அவள்தான். அவள் வீட்டுக்கு முன்னால் சாக்கடை மூடி விரிசல் விட்டு ஆடிக்கொண்டிருக்கிறது என்று என்னிடம் புகார் சொன்னாள். ஏற்றினேன், அவள் போனுக்குச் செய்தி போனது. பத்துப் பதினைந்து நாள் கழித்து ஒரு காலையில் நல்ல மழை, தெருவில் தண்ணீர் நின்றது, தைத்த துணிகளைக் கொடுக்கக் கிளம்பியவள் அந்த மூடியில் காலை வைத்தாள். அது கவிழ்ந்துவிட்டது. வலது மணிக்கட்டு முறிந்துபோயிற்று. கத்திரிக்கோல் பிடிக்க வருமா வராதா என்பதைக் கட்டு பிரித்த பிறகுதான் சொல்ல முடியும் என்கிறார் டாக்டர். ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அவள் இடது கையால் என் கையைப் பிடித்துக்கொண்டு, அதுவரைக்கும் எதிர்ப்பக்கமாத்தான் சுத்திப் போவேன்க்கா, உங்க ஆபீஸ்லேருந்து கவனிச்சாச்சுன்னு வந்ததும், அக்கா இருக்கறப்ப நமக்கென்னன்னு நேரா நடந்தேன், புது மூடி போட்டு நாலு நாள்ல உடையுதுன்னா அந்த கான்ட்ராக்டர் என்ன லட்சணத்துல போட்டிருப்பான், அவனை விடாதீங்கக்கா என்றாள். புது மூடியே கிடையாது. யாரும் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு அது தெரியும். தெரிந்தும், ஆமாம்மா, அவனை விடக்கூடாது என்று சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள்தான் நீ டிக்கெட் போட்ட சந்தோஷத்தைச் சொல்ல போன் செய்தாய்.

திங்கட்கிழமை எங்கள் அதிகாரியின் அறைக்குப் போய், இந்த வார்த்தையை மாற்றுங்கள், ஒரு பெண்ணின் கை போய்விட்டது என்றேன். மனிதர் கெட்டவர் இல்லை, நாற்காலியில் உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். விழா முடியட்டும்மா, குழு பாராட்டினதே அந்த வார்த்தையைத்தான், இப்ப மாத்தினா நல்லாவா இருக்கும், அந்தத் தையல்காரம்மா விஷயத்தை நான் கவனிக்கிறேன் என்றார். அதைக் கேட்கிறவர்களுக்கு எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. அப்படியென்றால் என் பெயரை எடுத்துவிடுங்கள், நான் மேடைக்கு வரமாட்டேன் என்றேன். இந்த வயசுல இது என்ன பிடிவாதம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். வீட்டில் உன் அப்பா மட்டும், நீ செஞ்சது சரி, ஆனா சொல்ல வேண்டிய ஆள் அவர் இல்லையே என்றார். மனிதர் எப்போதாவதுதான் உருப்படியாக வாயைத் திறப்பார், திறந்தால் இப்படித்தான்.

அதனால் நேற்று தையல் அத்தை வீட்டுக்குப் போனேன். மிஷின்மேல் துணி போட்டு மூடியிருந்தது, அவள் இடது கையால் டம்ளரைப் பிடித்துக் காபி குடித்துக்கொண்டிருந்தாள். கான்ட்ராக்டரும் இல்லை, புது மூடியும் இல்லை, அந்த வார்த்தையை எழுதியது நான்தான், ஆஸ்பத்திரியிலும் உன்னிடம் பொய்தான் சொன்னேன் என்று சொல்லிவிட்டேன். திட்டுவாள், அழுவாள் என்று எல்லாவற்றுக்கும் தயாராகத்தான் போயிருந்தேன். அவளோ, அப்ப கவனிச்சாச்சுன்னா சரி பண்ணியாச்சுன்னு அர்த்தம் இல்லையாக்கா, நான்தான் தப்பாப் படிச்சுட்டேன் போல என்றாள். நான் கூனிக் குறுகிப்போனேன். பிறகு, இப்பவாவது மூடி போட்டாச்சா, ஸ்கூல் பிள்ளைங்க போற வழி என்று கேட்டாள். நான் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன், அதிகாரியிடம் போனேன், உன்மேல் எரிந்து விழுந்தேன், என் மனசு உறுத்துகிறது என்று உன் அப்பாவைத் தூங்கவிடாமல் புலம்பினேன், அந்த மூடியைப் பற்றி மட்டும் நினைக்கவே இல்லை. வாயைத் திறந்தேன், கவனிக்கிறேம்மா என்று வந்துவிட்டது. சத்தியமாக வேண்டுமென்று சொல்லவில்லை, பழக்கத்தில் வந்துவிட்டது. அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

எழுந்து நேராகச் சாக்கடைப் பக்கம் போய் நின்றேன். ஓட்டையில் யாரோ ஒரு மரக்கிளையைச் செருகி வைத்திருந்தார்கள். நகராட்சி மேஸ்திரிக்கு போன் செய்தேன், நாளைக்குப் பார்க்கலாம்க்கா என்றார், நீங்கள் வருகிறவரை நான் இங்கேயேதான் நிற்பேன் என்றேன். உன் அப்பா நாற்காலி கொண்டுவந்து போட்டுவிட்டு, தானும் நின்று வருகிற வண்டிகளை ஒதுக்கிவிட ஆரம்பித்துவிட்டார், ரொம்ப நாளைக்கப்புறம் அவர் முகத்தில் ஒரு களை. சாயங்காலம் ஆட்கள் வந்தார்கள், மூடி வந்தது, பொருத்தினார்கள். நான் இரண்டு காலையும் வைத்து ஏறி நின்றேன். மேஸ்திரி, அக்காவையே தாங்கிருச்சு, இனிமே லாரியே போகலாம் என்றார், எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சூட்டோடு போய், மூடி போட்டாச்சும்மா என்று தையல் அத்தையிடம் சொன்னேன். நீ பிறப்பதற்கு முன்னாலிருந்து பழக்கம், நான் சொன்ன எதையும் அவள் திருப்பிக் கேட்டதில்லை. நேற்று, நீங்களே பாத்தீங்களாக்கா என்றாள். ஏறி நின்றே பார்த்தேன் என்றேன். அவள் தலையாட்டிவிட்டு, அண்ணனும் பாத்தாங்களா என்று கேட்டாள்.

டிக்கெட்டை ரத்து செய்யாதே கண்ணு, மேடைக்கு வேறு யாராவது ஏறுவார்கள், நீ வீட்டுக்கு வா. உன் ஆபீசில் அம்மாவுக்கு விருது என்று சொல்லி வைத்தவர்களிடம் இல்லை என்று சொல்லிவிடு, உனக்குத் தலைகுனிவுதான், என்னால் வந்தது, பொறுத்துக்கொள். கோபம் இருந்தால் வந்து நேரில் திட்டு. நீ நூறு வயது சுகமாக இருக்க வேண்டும், உன் வாக்கை நம்பி நடக்கிறவர்கள் விழாமல் இருக்க வேண்டும். மறக்காமல் தையல் அத்தைக்கு ஒரு போன் செய்து கை எப்படி இருக்கிறது என்று கேள். நான் எவ்வளவு வருத்தப்படுகிறேன் என்று மட்டும் அவளிடம் சொல்லாதே, என்னைத் தேற்ற ஆரம்பித்துவிடுவாள்.

இப்படிக்கு,
உன்னைத் திட்டியதற்கு இன்னும் வருந்திக்கொண்டிருக்கும்
அம்மா