டிராகன் கோயிலில் வெறுங்கால்

மஸ்கட்

அன்புள்ள உங்களுக்கு,

இந்த வயதில் நான் ஏன் இணைய விளையாட்டில் டிராகனோடு சண்டைக்குப் போகிறேன்? சொல்கிறேன், கேளுங்கள். நான் நலம். உங்கள் முட்டி வலி தேவலையா? ஆரணியில் மழை உண்டா?

வேலூர் விடுதியிலிருக்கும் நம் சிவசங்கரி போனில் "சாப்ட்டேம்மா" என்பதோடு நிறுத்திக்கொள்வாள். விளையாடும்போது மைக்கில்தான் வாயாரப் பேசுகிறாள். அதற்காகவே அவள் குழுவில் சேர்ந்தேன். நான் அடிக்கடி தோற்றதால் அவள் தோழி ஜெயப்ரியா, "ஆன்ட்டி சும்மா செத்துகினே இருக்காங்கடி. இன்னிக்கோட போதும்" என்றாள். என் காதிலும் விழுந்தது.

அன்று விளையாட்டில் ஒரு பாழடைந்த கோயிலுக்குள் போக வேண்டியிருந்தது. உள்ளே கண் தெரியாத டிராகன். சத்தம் கேட்டால் நெருப்பைக் கக்கும். வாசலில் பழக்கத்தில் என் வீராங்கனையின் இரும்புக் காலணிகளைக் கழற்றிவிட்டேன்.

"அம்மா, இது கேமும்மா! பூட்ஸ போட்டுக்கோ!" என்று சிவசங்கரி சிரித்தாள்.

அவர்கள் தடதடவென்று நுழைந்ததும் எல்லோரும் எரிந்துபோனார்கள். வெறுங்காலோடு நான் மட்டும் ஓசையில்லாமல் பின்னால் போய் வாளைச் செருகினேன். டிராகன் சாய்ந்தது! அறையில் தனியாக எழுந்து நின்று கைதட்டினேன்.

யாராவது வந்தால் பருப்புப்பொடி கொடுத்தனுப்புங்கள். ஒருத்திக்குச் சமைக்கத் தோன்றுவதில்லை.

இவ்வளவும் நேற்று எழுதியது. இன்று ஜெயப்ரியாவே கூப்பிட்டாள்: "ஆன்ட்டி, ஜல்தி வாங்க. நீங்க வந்தாதான் ஆரம்பிப்போம்னு சிவா அடம் புடிக்கிறா."

போகிறேன்.

ரேணுகா