நின்ற இடத்தில் எரிந்த பெட்ரோல்

என் கண்ணான பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் கை கால் சுகத்தோடு இருக்கிறோம், உன் உடம்பும் மனசும் அதேபோல இருக்க வேண்டும் என்பதுதான் எப்போதும் என் நினைப்பு. போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். நான் வாயைத் திறப்பதற்குள் நல்லா இருக்கேம்மா, அப்புறம் பேசறேன் என்று வைத்துவிடுகிறாயே, அதனால்தான்.

விஷயம் நம் காரைப் பற்றியது. கொஞ்ச நாளாகப் பெட்ரோலைத் தண்ணீர் மாதிரி குடிக்கிறது. காலையில் என்னைப் பல் ஆஸ்பத்திரியில் வேலைக்கு விடவும் சாயங்காலம் அழைத்து வரவும் தவிர வண்டி எங்கும் போவதில்லை, ஆனாலும் டேங்க் நிரப்பின ஜோரில் முள் கீழே படுத்துவிடுகிறது. மெக்கானிக்கிடம் விட்டோம். டயரில் காற்று குறைச்சல் என்று அடித்தார், ஏர் ஃபில்டர் முழுக்கத் தூசி என்று மாற்றினார், பிளக்கைக் கழற்றிப் பார்த்தார், பிரேக் சக்கரத்தை விடாமல் பிடிக்கிறதா என்று வண்டியைத் தூக்கி வைத்துச் சுழற்றிப் பார்த்தார், டிக்கியில் உன் அப்பா எதற்கோ சுமந்து திரிந்த தரைக்கற்களையும் இறக்கச் சொன்னார். எல்லாம் செய்தும் முள் இறங்குவது மட்டும் நிற்கவில்லை.

அப்போதுதான் என் புத்தி வேறு பக்கம் போனது. எதிர்வீட்டுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கிற ஒருத்தி குடிவந்திருக்கிறாள், பளிச்சென்று இருப்பாள், அவளைக் கண்டால் உன் அப்பா தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டு கையசைப்பார். மனுஷன் அவளை ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றுகிறார் என்று எனக்குள் பற்றிக்கொண்டு எரிந்தது. சிரிக்காதே. அவருக்குத் தெரியாமல் தினமும் கிலோமீட்டரைப் பார்த்தேன். ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த கணக்குக்கு மேல் துளி கூடவில்லை. மெக்கானிக்கிடம் சொன்னதற்கு, எங்கும் ஒழுகலும் இல்லை, அப்படியென்றால் வண்டி நின்ற இடத்திலேயே எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது என்றார்.

போன வியாழக்கிழமை டாக்டர் சீக்கிரம் கிளம்பிவிட்டதால் நானும் பின்வாசல் வழியாக வெளியே வந்தேன். மதில் ஓரமாக நம் வண்டி நிற்கிறது, எஞ்சின் ஓடுகிறது, கண்ணாடியெல்லாம் ஏற்றி ஏசி போட்டுக்கொண்டு உள்ளே உன் அப்பா. இவ்வளவு முன்னாலேயே வந்து நிற்பார் என்று எனக்கு இதுவரை தெரியாது. மெதுவாகப் பின்னால் போய் நின்றேன். வண்டி ஸ்பீக்கரில் ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள். நீச்சல்காரியைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டோம் என்று கதவில் கை வைக்கப் போனபோதுதான் அது நீ என்று புரிந்தது. மேலதிகாரி எல்லார் முன்னாலும் உன்னை மட்டந்தட்டினதையும், லீவு நாளில் பேச ஆளில்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதையும் சொல்லிக்கொண்டிருந்தாய். அவர் உம் கொட்டினாரே தவிர உருப்படியாக ஒரு வார்த்தை சொல்லவில்லை, இதற்கா இத்தனை பெட்ரோல்? கடைசியில் அம்மா வர்ற நேரமாச்சு, நாளைக்குப் பேசலாம் என்றார். நீ, அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்கப்பா என்றாய். நான் சத்தம் காட்டாமல் உள்ளே போய், வழக்கமான நேரத்துக்கு வந்து வண்டியில் ஏறினேன்.

பாப்பா, நீச்சல்காரி மேல் வந்ததெல்லாம் ஒரு பொறாமையே இல்லை. உன் அப்பா மேல் வந்திருக்கிறதே, அதுதான் என்னைத் தூங்கவிடமாட்டேன் என்கிறது. பெற்றவள் நான், நல்லா இருக்கேம்மா என்ற ஒற்றைப் பேச்சு எனக்கு, அழுகை முழுக்க அவருக்கா? நான் நடுவில் புகுந்து யோசனை சொல்வேன் என்று பயமா? நானும் உம் கொட்டுகிறேன், அது என்ன பெரிய வித்தையா. மெக்கானிக் எதற்கும் எஞ்சினையும் ஒருமுறை பிரித்துப் பார்த்துவிடலாம் என்றார், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நீங்கள் பேசுகிறபடி பேசுங்கள், பெட்ரோல் போனால் போகட்டும். ஆனால் மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் நான் தனியாகத்தான் இருப்பேன், அப்போது எனக்கும் கூப்பிடு, அழுதுகொண்டே கூப்பிட்டாலும் சரி.

வேளைக்குச் சாப்பிடு, ராத்திரி சீக்கிரம் படு. உன்னை மட்டந்தட்டுகிறவர்கள் முன்னால் நீ நிமிர்ந்து நிற்பாய், அம்மாவின் ஆசி உன்னோடு இருக்கும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. எனக்கு எல்லாம் தெரியும் என்று அப்பாவிடம் மூச்சு விடாதே. அவருக்குத் தெரியாமல் நமக்குள்ளும் ஒன்று இருக்கட்டும்.

வயிற்றெரிச்சலோடும் ஆசையோடும்,
உன்னைப் பெற்றவள்