அக்காவின் மேக்கும் என் அசெம்பிள்டும்

அக்கா,

இன்று காலை கடையைத் திறந்ததும் யு.பி.எஸ். இருக்கும் மூலையிலிருந்து கருகல் வாசம் வந்தது. பிளாஸ்டிக்கும் தூசியும் சேர்ந்து தீய்கிற வாசம். வேலைக்கு வரும் பெண் பதறிப்போய் மெயினை அணைக்க ஓடினாள். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். பீளமேட்டில் நாம் சேர்ந்து நடத்திய டி.டி.பி. கடையும், இதே வாசம் வந்த அந்தப் பகலும் அப்படியே கண்முன் வந்தன. போன ஐப்பசி மழையில் நீங்கள் கண்மூடிவிட்டீர்கள். அதற்குப் பிறகு உங்களை நினைத்து அழுதிருக்கிறேன், கோபப்பட்டும் இருக்கிறேன். உங்களோடு பேசவேயில்லை என்பது இன்றைக்குத்தான் உறைத்தது. அதனால் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் கல்லூரிக்கு எதிரே நமக்கு ஒரு மாடி அறை. கீழே பேக்கரி. அறையின் ஒரு பக்கம் உங்கள் ஆப்பிள் மேக், மறுபக்கம் என் அசெம்பிள்ட் கம்ப்யூட்டர். காந்திபுரத்தில் பாகம் பாகமாக வாங்கி, நானே திருகு முடுக்கி, விண்டோஸ் ஏற்றிய மிசின் அது. கல்யாணப் பத்திரிகை அடிக்க வருகிறவர்கள் நம் இருவரையும் பார்த்துவிட்டு, "ஓனர் இல்லீங்களா?" என்பார்கள். "சாப்பிடப் போயிருக்காருங்க, நீங்க மேட்டரக் குடுங்க" என்று சிரிக்காமல் சொல்வீர்கள். அந்த ஓனர் கடைசிவரை சாப்பிட்டு முடிக்கவேயில்லை.

பெங்களூரில் விளம்பர ஆபீஸ் ஒன்றில் வேலை பார்த்தபோது மேக் உங்களுக்குப் பழகிவிட்டது. உங்களைப் பெற்ற அத்தாவுக்கு உடம்பு முடியாமல் ஊர் திரும்பியபோதும், கோட்டைமேட்டு வீட்டில் ஒற்றைக்காலில் நின்று அதையேதான் வாங்கினீர்கள். திரையில் தெரிவது அப்படியே தாளில் வரும் என்பீர்கள். எவ்வளவு பெரிய படத்தை ஏற்றினாலும் அது அசராது, உண்மைதான். என் மிசினில் ஒரு படத்தையும் நாலு வரி தமிழையும் சேர்த்து வைத்தால் போதும், மணல் கடிகாரம் வந்து நின்றுகொள்ளும். கொஞ்ச நேரத்தில் மவுஸும் நகராது.

"உன்ற மிசின் மறுபடியும் யோசனைல உக்காந்துருச்சு கண்ணு" என்பீர்கள்.

"உங்க ஒரு மிசின் வெலைக்கு என்றது மூணு வருமுங்கக்கா."

"வந்து? மூணும் சேர்ந்து யோசிக்குமா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். மேக் பழுதானால் பார்க்க அன்றைக்குக் கோயமுத்தூரில் ஆளே கிடையாது. பெங்களூருக்குப் பார்சல் கட்ட வேண்டும். என்னுடையதற்கோ தெருவுக்கு ஒரு மெக்கானிக், கடைக்குக் கடை பாகம். "நிக்காத மிசின் பெருசில்லீங்கக்கா, நின்னா ஒடனே எந்திரிக்கிற மிசின்தான் பெருசு" என்பது என் கட்சி. "நிக்காத மிசின எதுக்கு எழுப்போணும்?" என்பது உங்கள் கட்சி. இதை வைத்தே எத்தனையோ மத்தியானங்களை ஓட்டியிருக்கிறோம். இன்னொன்றிலும் உங்களுக்குக் கர்வம் உண்டு. என் ஃப்ளாப்பியை உங்கள் மேக் படித்துவிடும். மேக்கில் எழுதிய ஃப்ளாப்பியை என் மிசினில் போட்டால் முழி முழியென்று முழிக்கும்.

அந்தப் பெரியவர் வந்தது ஒரு சனிக்கிழமை. பொள்ளாச்சிப் பக்கம் தோப்பு வைத்திருப்பவர். வாலிப மகன் தவறிவிட்டான். மறுநாள் காரியம். வருகிறவர்களுக்குக் கொடுக்க, மகன் படம் போட்ட நினைவஞ்சலி அட்டை வேண்டும். சாயந்தரத்துக்குள் அச்சகத்தில் கொடுத்தால்தான் அட்டையை வாங்கிக்கொண்டு உக்கடத்தில் கடைசி பஸ்ஸைப் பிடிக்க முடியும். துண்டுக்குள்ளிருந்து ஒரு கல்யாண வீட்டுப் போட்டோவை எடுத்து, ஓரமாக நின்ற பையனைக் காட்டி, "இவனுங்க" என்றார்.

"தனியா எடுத்தது இல்லீங்களா?" என்று கேட்டீர்கள்.

"அவனுக்குப் போட்டோன்னாவே ஆவாதுங்க."

பையன் யாரையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். அவன் தோள்மேல் ஒரு கை இருந்தது. கைக்குரியவர் படத்துக்கு வெளியே போய்விட்டார், விரல்கள் மட்டும்தான் தெரிந்தன. என் மிசினில் ஸ்கேன் செய்து உங்கள் மேக்குக்குக் கொடுத்தேன். மத்தியானம் வரை குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்தீர்கள். பையனைத் தனியே வெட்டி எடுத்து, தோளிலிருந்த கையை விரல் விரலாக அழித்து, அந்த இடத்தில் சட்டையின் கட்டங்களை வரைந்து சேர்த்தீர்கள். பெரியவர் திரைப் பக்கமே திரும்பவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

வேலை முடிந்தது, பிரிண்ட் எடுக்க வேண்டியதுதான் பாக்கி என்றிருந்தபோது கரண்ட் போனது. போனதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. திரும்பி வந்தபோது பேய் வேகத்தில் வந்தது. ஃபேன் அலறியது, ஸ்டெபிலைசரில் 'டப்' என்று ஒரு சத்தம், அப்புறம் இந்தக் கருகல் வாசம். இரண்டு மிசினும் செத்துவிட்டன.

என்னுடையதைத் திறந்து பார்த்தேன். கரண்ட் வாங்கும் பெட்டி மட்டும் கருகியிருந்தது. உங்களுடையதைப் பற்றி விற்றவர்களுக்குப் போன் செய்தீர்கள். பெங்களூருக்கு அனுப்புங்கள், வாரக்கணக்கில் ஆகும் என்றார்கள். பையனின் முகம் அதற்குள் மாட்டிக்கொண்டது.

நாம் பேசியதெல்லாம் பெரியவர் காதில் விழுந்திருக்க வேண்டும். "முடியலீன்னாப் பரவால்லீங்க அம்மணி. பேரு மட்டும் போட்டுக் குடுங்க" என்றார். குரலில் வருத்தம்கூட இல்லை. எது கேட்டாலும் கிடைக்காது என்று பழகிவிட்ட குரல்.

"மொகமில்லாமக் குடுக்க மாட்டேனுங்க" என்றீர்கள். அதற்குள் நான் மொபெட்டை எடுத்துக்கொண்டு காந்திபுரம் கிளம்பிவிட்டேன். புதுப் பெட்டியோடு திரும்பி வந்து, மாட்டி, சுவிட்சைப் போட்டேன். எழுந்துகொண்டது. 'பாத்தீங்களாக்கா' என்று சொல்லிக்காட்ட அதைவிட நல்ல சமயம் கிடைக்காது. சொல்ல மனம் வரவில்லை. நீங்கள் அதுவரை தொட்டறியாத என் மவுஸைப் பிடித்தீர்கள்.

காலையில் எடுத்த ஸ்கேன் என் டிஸ்க்கில் பத்திரமாக இருந்தது. முகத்தை மறுபடி வெட்டினீர்கள். தோளுக்கு வந்ததும் மிசின் நின்றது. அணைத்துப் போட்டோம். மறுபடி முகம், மறுபடி தோள், மறுபடியும் நின்றது. ஒவ்வொரு கீறலுக்கும் சேவ் செய்தபடி, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். கீழே பேக்கரியில் சாயந்தர பன் போடத் தொடங்கிவிட்டார்கள். அச்சகத்துக்காரர் போனில், "இன்னும் லேட்டானா முடியாதுங்க" என்றார். "கை இருந்துட்டுப் போவட்டும் கண்ணு, பிரிண்ட் குடு" என்றீர்கள்.

தாளை எடுத்துக்கொண்டு நீங்களே பெரியவரிடம் போனீர்கள். "அய்யா, ஒரு கொறை இருக்குதுங்க. தோள்மேல யாரோட கையோ இருக்குது. அத எடுக்க நேரமில்லாமப் போயிருச்சு. மன்னிச்சுக்கோங்க."

அவர் தாளை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"அது என்ற கைங்க அம்மணி."

நானும் எழுந்து வந்து தாளை எட்டிப் பார்த்தேன்.

"போட்டோக்காரன் என்னைய வெட்டிப்போட்டானுங்க. கை மட்டும் வந்துருச்சு. என்னையப் பாத்துத்தானுங்க சிரிக்கிறான்." பிறகு, வந்ததிலிருந்து முதல் தடவையாக நம்மிடம் ஒன்றைக் கேட்டார். "அத எடுத்துப்போடாதீங்க."

நீங்கள் திரும்பி, செத்துக் கிடந்த மேக்கைப் பார்த்தீர்கள். அன்று காலை உங்கள் திறமை முழுவதையும் போட்டு நீங்கள் அழித்தது எதை என்பது அப்போதுதான் எனக்கும் புரிந்தது. அவர் அட்டையோடு கடைசி பஸ்ஸில் ஊருக்குப் போய்ச் சேர்ந்தார். நாம் அன்றைக்கு மிசின்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

மேக் பெங்களூரிலிருந்து திரும்பி வந்தபோது அந்தப் படமும் உள்ளே அப்படியே இருந்தது. என்னைக் கூப்பிட்டுக் காட்டினீர்கள். அங்கே ஒரு கை இருந்ததென்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள், அவ்வளவு சுத்தமான வேலை. "எந்த மிசினும் யாரு கைன்னு கேக்காது கண்ணு. நாமதான் கேக்கோணும்" என்று சொல்லி அதைத் திரையிலிருந்த குப்பைத்தொட்டியில் போட்டீர்கள். அப்போது உங்கள் குரல் உடைந்திருந்தது. நான் கவனித்தேன், அக்கா. கேட்டால் நீங்கள் சங்கடப்படுவீர்கள் என்று கேட்கவில்லை.

நம் சண்டையை இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் சிரிப்பார்கள். இப்போது எந்த மிசினும் அவ்வளவாக நிற்பதில்லை. ஒருவர் ஃப்ளாப்பியை இன்னொருவர் படிக்காத காலமும் போய்விட்டது. அன்று நீங்கள் ஒரு காலை முழுக்கச் செய்த வேலையைப் போன்களே விரல் தொட்டதும் செய்துவிடுகின்றன.

ஆனாலும் காலமானவர் படத்தைத் தூக்கிக்கொண்டு இங்கே வருகிறார்கள். பெரும்பாலும் ஏதோ ஒரு கூட்டத்திலிருந்து எடுத்த படம்தான். பக்கத்தில் ஒரு முந்தானை இருக்கும், பாதி முகம் இருக்கும், ஒரு கை இருக்கும். கடையில் வேலைக்குச் சேரும் யாருக்கும் நான் முதலில் சொல்லிக்கொடுப்பது, அது யாருடையது என்று கேட்கத்தான். "யாரோங்க, எடுத்துருங்க" என்றுதான் அநேகமாகச் சொல்வார்கள். எடுத்துவிடுகிறோம். கேட்காமல் எடுப்பதில்லை, அக்கா.